பட்டியல் எப்போது முடியும்? ஐ.பி.எஸ். நோயும் நம் சாப்பாடும்

‘இர்ரிடபிள் பவல் சிண்ட்ரோம்’ என்று மருத்துவர் சொல்லி முடித்ததும் நோயாளி கேட்கும் கேள்வி ஒன்றுதான்: “நான் எதைச் சாப்பிடலாம், எதைச் சாப்பிடக் கூடாது?” இதற்கு இரண்டு விதமான பதில்கள் கிடைக்கும். வெளியே நீண்ட வரிசை காத்திருக்கும் மருத்துவர், “எல்லாம் சாப்பிடலாம், காரத்தை மட்டும் குறைச்சுக்குங்க, டென்ஷன் ஆகாதீங்க” என்பார். வீட்டுக்கு வந்தால் பெரியம்மாவும் அலுவலக நண்பரும் வாட்ஸ்அப்பும் வேறு பதில் வைத்திருப்பார்கள். பருப்பு ஆகாது, கிழங்கு வாயு, பால் மந்தம், கத்தரிக்காய் சூடு, கோதுமையில் குளூட்டன், தக்காளியில் புளிப்பு. முதல் பதிலில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. இரண்டாவது பதிலுக்கு முடிவே இல்லை.

எனக்குப் படுவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த நோயில் உணவுக் கட்டுப்பாடு உண்மையாகவே வேலை செய்கிறது. கவனமாக நடத்திய பரிசோதனைகள் அதைக் காட்டியிருக்கின்றன. ஆனால் கடுமையான கட்டுப்பாட்டுக்கு ஆயுள் ஆறு வாரம்தான். அதற்கு மேலும் அதை நீட்டிக்கொண்டே போகிறவர்கள் பழைய தொல்லையோடு புதிதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

முதலில் நோயின் எல்லை. ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இதைக் காட்டிக்கொடுக்காது. அறிகுறிகளை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள். 1978-இல் பிரிட்டனில் மேனிங் குழுவினர் வகுத்த விதிகளில் தொடங்கி, இப்போது 2016-இல் வெளியான நான்காவது ரோம் வரையறை புழக்கத்தில் இருக்கிறது. கடந்த மூன்று மாதங்களாக வாரத்தில் ஒரு நாளாவது வயிற்றுவலி இருக்க வேண்டும். மலம் கழிப்பதோடு அந்த வலிக்குத் தொடர்பு இருப்பது, போகும் தடவைகள் கூடியோ குறைந்தோ போவது, மலத்தின் தன்மை மாறுவது ஆகிய மூன்றில் இரண்டு உடன் வர வேண்டும். தொல்லை ஆரம்பித்து ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். மலத்தின் தன்மைக்கு 1997-இல் பிரிஸ்டலில் ஓர் அளவுகோல் வகுத்தார்கள்: கட்டி கட்டியாக இறுகிப்போனது 1, வெறும் தண்ணீர் 7. இதை வைத்து மலச்சிக்கல் வகை, போக்கு வகை, இரண்டும் மாறி மாறி வரும் வகை என்று பிரிக்கிறார்கள். 26 நாடுகளில் இணையம் வழியாக நடத்தி 2021-இல் வெளியிட்ட பெரிய கணக்கெடுப்பில், இந்த வரையறைக்குள் வந்தவர்கள் சுமார் 4 சதவீதம். மேற்கு நாடுகளில் பெண்களிடம் அதிகம் காணப்படும் இந்த நோய்க்கு, இந்திய மருத்துவமனைகளில் ஆண்களே அதிகம் வந்து நிற்கிறார்கள். பெண்களுக்குக் குறைவாக வருகிறதா, வந்தும் சொல்லாமல் இருக்கிறார்களா என்பதை வாசகர் தம் வீட்டை வைத்தே யோசித்துக்கொள்ளலாம்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. வயிற்றில் எது நடந்தாலும் அது ‘கேஸ்’ அல்லது ‘அல்சர்’. மருந்துக் கடையில் கேட்டால் அமிலத்தைக் குறைக்கும் பேன்டாப்ரசோல் அட்டையை எடுத்துக் கொடுப்பார்கள். பெருங்குடலில் நடக்கும் விவகாரத்துக்கும் இரைப்பை அமிலத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லை என்பதால், அந்த மாத்திரையை வருடக்கணக்கில் விழுங்கியும் “முழுசா போகல” என்ற குறை அப்படியே இருக்கும்.

மறுபக்கம், எல்லாவற்றையும் ஐ.பி.எஸ். என்று ஒதுக்கிவிடவும் முடியாது. இந்தியாவில் சிறுகுடலும் பெருங்குடலும் சேரும் இடத்தில் காசநோய் வந்து, இதே வலியோடும் போக்கோடும் மறைந்திருக்கும். 1960-களின் தொடக்கத்தில் வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் ஆயிரக்கணக்கானோர் தீராத வயிற்றுப்போக்கால் மெலிந்து போனார்கள். வேலூர் சி.எம்.சி.யின் பேக்கரும் மாத்தனும் அதை ஆராய்ந்து, உணவுச் சத்தைக் குடல் உறிஞ்ச முடியாமல் போகும் ‘டிராபிகல் ஸ்ப்ரூ’ என்று நிறுவினார்கள். அந்த நோய்க்கு மருந்து இருக்கிறது. போக்கு வகை ஐ.பி.எஸ். என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் கணிசமானவர்களுக்கு உண்மைக் காரணம் பித்த அமிலம் பெருங்குடலுக்குள் வழிவது. அதற்கும் தனி மருந்து உண்டு. ஆகவே எடை குறைந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, ரத்தசோகையோ காய்ச்சலோ இருந்தாலோ, தூக்கத்திலிருந்து எழுப்பி ஓடவைத்தாலோ, 45 வயதுக்கு மேல் முதன்முறையாகத் தொல்லை தொடங்கினாலோ, குடும்பத்தில் குடல் புற்றுநோய் இருந்தாலோ, உணவுப் பட்டியலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், கொலோனோஸ்கோபி முதலில்.

இவை எதுவும் இல்லை, எல்லா ரிப்போர்ட்டும் நார்மல் என்றால்? “ஒண்ணுமில்ல” என்ற சொல் இங்கேதான் விழுகிறது. அந்தச் சொல் எவ்வளவு தவறு என்பதை 1973-லேயே ஒரு பலூன் காட்டிவிட்டது. ரிச்சி என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் இந்த நோயாளிகளின் பெருங்குடலின் கடைப்பகுதியில் சிறு பலூனைச் செலுத்தி அதை மெல்ல ஊதவைத்தார். 60 மில்லிலிட்டர் அளவுக்கு விரிந்ததுமே நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வலியை உணர்ந்தார்கள். நோய் இல்லாதவர்களில் மிகச் சிலருக்கே அந்த அளவில் வலித்தது. 2017-இல் நாட்டிங்ஹாமில் இதையே எம்.ஆர்.ஐ. கருவிக்குள் படுக்கவைத்துப் பார்த்தார்கள். இரு தரப்பினருக்கும் புளித்து வாயுவாகும் ஒரே நார்ச்சத்தை ஒரே அளவில் கொடுத்தார்கள். குடலில் சேர்ந்த வாயு இரு தரப்பிலும் ஏறக்குறைய ஒன்றுதான். உப்புசமும் வலியும் நோயாளிகளுக்கே அதிகம். அதாவது அவர்கள் வயிற்றில் கூடுதலாக வாயு உற்பத்தியாகவில்லை. எல்லோருக்கும் ஆகிற வாயு அவர்களுக்கு வலிக்கிறது.

என்னைக் கேட்டால், நோயாளி தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான செய்தி இது ஒன்றுதான். வெங்காயம் விஷமில்லை, குடலில் புண்ணும் இல்லை. குடல் நரம்புகளின் உணர்வு கூடிப்போயிருக்கிறது, மூளைக்கும் குடலுக்கும் நடக்கும் பேச்சு கெட்டிருக்கிறது. ரோம் வரையறையும் இந்த வகை நோய்களை இப்போது மூளை-குடல் உறவின் கோளாறுகள் என்றே அழைக்கிறது.

அந்த உணர்வு ஏன் கூடுகிறது? ஒரு வழி நன்றாகத் தெரிகிறது. 2000-ஆம் ஆண்டு மே மாதம் கனடாவின் வாக்கர்டன் என்ற சிற்றூரில் பெருமழைக்குப் பின் மாட்டுச்சாணம் குடிநீர்க் கிணற்றில் கலந்தது. ஏழு பேர் இறந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். அந்த ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோது, அன்று நோயில் விழுந்தவர்களிடம் ஐ.பி.எஸ். மிகுதியாக இருந்தது. வேறு ஊர் ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், கடும் குடல் தொற்று வந்தவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இப்படி ஆகிறது. “அந்தக் கல்யாணத்துல ஃபுட் பாய்சன் ஆச்சு, அதுக்கப்புறம் வயிறு சரியாவே இல்ல” என்று நம்மவர்கள் சொல்வதில் அர்த்தம் இருக்கிறது. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2021-இல் இதற்கு ஒரு பொறிமுறையையும் காட்டினார்கள். தொற்று இருக்கும் நேரத்தில் உண்ட உணவின் புரதத்தை எலியின் குடல் பகையாக நினைவில் வைத்துக்கொண்டது. தொற்று ஆறிய பின்னும் அதே உணவு வந்தால் அந்த இடத்தில் மட்டும் ஒவ்வாமை கிளம்பி வலித்தது. சில ஐ.பி.எஸ். நோயாளிகளின் மலக்குடல் சுவரில் பால், கோதுமை, சோயா போன்றவற்றைச் செலுத்திப் பார்த்தபோதும் இதே மாதிரியான எதிர்வினை தெரிந்தது. ரத்தத்தில் இது தெரியாது. “200 உணவுகளுக்கு ஒரே ரத்தப் பரிசோதனை” என்று விற்கும் ஐஜிஜி சோதனைகளைச் சேர்த்துப் பேசவே கூடாது. அமெரிக்க, ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவ அமைப்புகள் அவற்றை நிராகரித்துவிட்டன. அந்தத் தாளில் சிவப்பு மையில் வரும் உணவுகள் பெரும்பாலும் சோதித்துக்கொண்டவர் அடிக்கடி சாப்பிடுபவை, அவ்வளவுதான்.

இனி சாப்பாடு. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் கிப்சனும் சூ ஷெப்பர்டும் 2005-இல் ‘ஃபாட்மேப்’ என்ற பெயரை முன்வைத்தார்கள். சிறுகுடல் சரியாக உறிஞ்சாத, பெருங்குடல் கிருமிகள் சட்டென்று புளிக்கவைக்கிற சிறு சர்க்கரைகளுக்கெல்லாம் அது பொதுப் பெயர். வெங்காயம், பூண்டு, கோதுமையில் உள்ள ஃப்ரக்டான். பருப்பு, கடலை வகைகளில் உள்ள ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ். பாலில் உள்ள லாக்டோஸ். மாம்பழத்திலும் தேனிலும் மிஞ்சி நிற்கும் ஃப்ரக்டோஸ். காளானிலும் சர்க்கரையில்லா மிட்டாய்களிலும் உள்ள பாலியால் சர்க்கரைகள். இவை தண்ணீரைக் குடலுக்குள் இழுக்கின்றன, பிறகு வாயுவாகின்றன. எல்லோருக்கும் நடப்பதுதான். உணர்வு கூடிய குடலுக்கு அந்த விரிவே வலி. இவற்றையெல்லாம் ஒரே நேரத்தில் குறைத்தால் என்ன ஆகும் என்பதே அவர்கள் கேள்வி. 2014-இல் வெளியான சோதனையில் 30 நோயாளிகளுக்கு 21 நாள் வழக்கமான ஆஸ்திரேலிய உணவும் 21 நாள் ஃபாட்மேப் குறைந்த உணவும் சமைத்தே கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டாவது உணவில் இருந்தபோது தொல்லை ஏறக்குறையப் பாதியாக இருந்தது.

மெல்பர்ன் பட்டியலை அப்படியே எடுத்து நம் அடுக்களையில் ஒட்ட முடியாது. ஆனால் நமக்குச் சாதகமானவை நிறைய இருக்கின்றன. அரிசி முதலாவது. அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் லெவிட் 1987-இல் மூச்சில் வெளிவரும் ஹைட்ரஜனை அளந்து, கோதுமை, மக்காச்சோளம், ஓட்ஸ், உருளைக்கிழங்கின் மாவில் ஒரு பங்கு பெருங்குடல்வரை போய்ப் புளிக்கிறது, அரிசி மாவு மட்டும் ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்பட்டுவிடுகிறது என்று காட்டினார். சோறு வயிற்றைக் கெடுக்கிறது என்று சப்பாத்திக்கு மாறும் ஐ.பி.எஸ். நோயாளி, நல்லதை விட்டுவிட்டுத் தொல்லையைத் தேடிப் போகிறார். சர்க்கரை நோய்க்குச் சொன்ன அறிவுரை இங்கே இடம் மாறி வந்துவிட்டது.

இட்லிக்கும் பயப்பட வேண்டியதில்லை. நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. அதையும் ஊறவைத்து, அரைத்து, இரவெல்லாம் புளிக்கவிடுகிறோம். வயிற்றில் நடக்க வேண்டிய புளிப்பில் ஒரு பகுதி பாத்திரத்திலேயே முடிந்துவிடுகிறது. இட்லி சாப்பிட்டதால் உப்புசம் என்கிறவர்கள் தொட்டுக்கொண்ட சாம்பாரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். துவரம்பருப்பு, சின்ன வெங்காயம், கட்டிப் பெருங்காயத்துக்குப் பதிலாக வரும் கோதுமை மாவு கலந்த தூள் பெருங்காயம் என்று எல்லாம் ஒரு கரண்டியில் வந்து விழுகின்றன. “வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டேன், அப்படியும் வலிக்கிறது” என்பார்கள். ஃப்ரக்டான் தண்ணீரில் கரையும். குழம்பு கொதித்த பிறகு வெங்காயத்தைப் பொறுக்கி எறிந்து பயனில்லை. எண்ணெயில் அது கரையாது. அதனால் பூண்டை முழுப் பல்லாக எண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துவிட்டு அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் இறங்கும், தொல்லை இறங்காது. பருப்பும் அப்படியே. நன்றாக ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவைத்தால் ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளில் ஒரு பங்கு போய்விடும். குக்கரில் அப்படியே வேகவைத்துத் தெளிவு இறுத்து ரசம் வைத்தால், பருப்பைத் தவிர்த்ததாக நினைத்துக்கொண்டு அதன் சர்க்கரையைக் குடித்துவிடுகிறோம்.

வெங்காயம், பூண்டு இல்லாமல் எப்படிச் சமைப்பது என்று மெல்பர்ன்காரர்கள் புத்தகம் போட வேண்டியிருக்கிறது. நம் வீடுகளில் அமாவாசைச் சமையலும் புரட்டாசிச் சனிக்கிழமைச் சமையலும் கோயில் மடைப்பள்ளியும் அதைத்தான் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகின்றன. மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை, தேங்காய், புளி வைத்தே சுவை கொண்டுவரும் கைப்பக்குவம் அங்கே இருக்கிறது. ஆறு வாரத்துக்கு அந்த மெனுவை எடுத்துக்கொண்டு பருப்பை மட்டும் குறைத்தால் போதும். கேரட், பீன்ஸ், கத்தரி, உருளைக்கிழங்கெல்லாம் அளவோடு பிரச்சினை தராதவை. கத்தரிக்காய்மேல் நம் குடும்பங்கள் சுமத்தும் பழிக்கு ஃபாட்மேப் கணக்கில் ஆதாரம் இல்லை.

பாலில் நிதானம் வேண்டும். தென்னிந்தியாவில் பெரியவர்கள் பலருக்கு லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறைவு. ஆனாலும் அப்படிப்பட்டவர்களே ஒரே நேரத்தில் சுமார் 12 கிராம் லாக்டோஸ் வரை பெரும்பாலும் தாங்குகிறார்கள். 150 மில்லி பாலில் இருப்பது 7 கிராம் அளவுதான். தயிரில் உறைமோர்க் கிருமிகள் ஒரு பகுதியைத் தின்றுவிடுகின்றன; நீர்த்த மோரில் இன்னும் குறைவு; நெய்யில் கிட்டத்தட்ட இல்லை. மோரையும் நெய்யையும் நிறுத்தச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. காப்பி குடித்ததும் ஓட வேண்டியிருக்கிறது என்றால் குற்றவாளி பாலாக இல்லாமலும் இருக்கலாம். 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், காப்பி அருந்திய 4 நிமிடத்துக்குள் பெருங்குடலின் கடைப்பகுதி அசையத் தொடங்கியது. காஃபீன் நீக்கிய காப்பியிலும் அதே கதைதான். மலச்சிக்கல் வகையினருக்கு இது வரம்.

மிளகாயைப் பற்றி மருத்துவர் சொன்னதில் பாதி சரி. ஐ.பி.எஸ். நோயாளிகளின் பெருங்குடல் சுவரில் மிளகாயின் கேப்சைசினை உணரும் நரம்பிழைகள் அதிகம் என்று 2008-இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டார்கள். ஆனால் பாங்காக்கில் போக்கு வகை நோயாளிகளுக்கு ஆறு வாரம் தொடர்ந்து மிளகாய் கொடுத்துப் பார்த்த ஒரு சிறு சோதனையில், முதலில் எரிந்தாலும் போகப் போகக் குடலின் தாங்கும் திறன் கூடியது. தினமும் ஒரே மட்டமாகக் காரம் தின்பவரைவிட, வாரமெல்லாம் தயிர்சாதத்தில் இருந்துவிட்டு ஞாயிறன்று செட்டிநாட்டுக் கோழி தின்பவர் அதிகம் அவதிப்படுவதற்கு இது காரணமாக இருக்கலாம். அந்தச் சோதனை சிறியது. இதை வைத்து மிளகாய்ச் சட்டினிக்கு யாரும் சீட்டு எழுதிவிட வேண்டாம்.

ஃபாட்மேப் உணவு வேலை செய்கிறது என்பதில் சந்தேகமில்லை. மற்ற வழிகளைவிட மேலானதா என்று கேட்டால்தான் ஆய்வுகள் சுவாரசியமாகின்றன. 2015-இல் ஸ்வீடனில் 75 நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு ஃபாட்மேப் உணவு. மறுபாதிக்குப் பாட்டி வைத்தியம் போன்ற பழைய அறிவுரை: வேளாவேளைக்குச் சாப்பிடு, கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடு, நிதானமாக மென்று தின், கொழுப்பும் காப்பியும் காரமும் குறை. நான்கு வாரத்தில் இரு பாதியும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறின. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸ் 2008 முதல் தரும் முதல் கட்ட அறிவுரையும் இந்தப் பழைய வகைதான். டீ, காப்பி நாளுக்கு 3 கோப்பை, பழம் 3 பங்கு என்று அளவும் சொல்கிறது. 2016-இல் மோனாஷ் குழுவே இன்னொன்று செய்தது. 74 நோயாளிகளில் ஒரு பிரிவுக்குத் தங்கள் உணவு, இன்னொரு பிரிவுக்குக் குடலை நோக்கிய ஹிப்னாடிசச் சிகிச்சை, மூன்றாவது பிரிவுக்கு இரண்டும். ஆறு வாரத்தில் தேறியவர்கள் 71, 72, 72 சதவீதம். இரண்டைச் சேர்த்தும் கூடுதல் பலன் இல்லை. ஜெர்மனியில் யோகாவையும் ஃபாட்மேப் உணவையும் ஒப்பிட்டு 2018-இல் வெளியிட்டார்கள். 12 வாரத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. 2024-இல் மீண்டும் ஸ்வீடனில் நடந்த சோதனையில் பழைய அறிவுரையோடு சேர்த்த ஃபாட்மேப் உணவில் 76 சதவீதம் பேரும், மாவுச்சத்து குறைத்த உணவில் 71 சதவீதம் பேரும், மருந்தில் 58 சதவீதம் பேரும் தேறினார்கள்.

இந்த எண்களை வரிசையாகப் படித்தால் எனக்கு ஒன்று தோன்றுகிறது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத கதவுகள் வழியாகப் போனாலும் பலர் ஒரே அறைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். உணவு மட்டுமே காரணமாக இருந்திருந்தால் இப்படி நடக்காது. கவனிப்பும் எதிர்பார்ப்பும் இதில் பெரும்பங்கு வகிக்கின்றன. 2010-இல் ஹார்வர்டின் கேப்சக் குழுவினர் 80 ஐ.பி.எஸ். நோயாளிகளில் ஒரு பாதியிடம் “இது மருந்தில்லாத வெறும் மாத்திரை” என்று சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதம் பேருக்குத் தேவையான நிவாரணம் கிடைத்தது. எதுவும் கொடுக்காதவர்களில் 35 சதவீதம். எதிர்ப்பக்கமும் உண்டு. மோனாஷின் ஜெசிகா பீசியேகியர்ஸ்கி குழு 2011-இல் குளூட்டன் தொல்லை தருகிறது என்று ஓர் ஆய்வை வெளியிட்டது. உலகம் முழுக்கக் குளூட்டன் இல்லாத பிஸ்கட் விற்றது. அதே குழு 2013-இல் 37 பேருக்கு முதலில் ஃபாட்மேப்பைக் குறைத்துவிட்டு, எது எதில் இருக்கிறது என்று தெரியாமல் குளூட்டனைக் கொடுத்துப் பார்த்தது. குளூட்டனுக்கென்று தனி விளைவு எதுவும் இல்லை. எதைக் கொடுத்தாலும் தொல்லை கூடியது, ஏதோ வரப்போகிறது என்ற எதிர்பார்ப்பிலேயே. தன் முடிவைத் தானே மறுத்த ஆய்வு என்பதால் எனக்கு அந்தக் குழுமேல் மரியாதை கூடியது. பிஸ்கட் வியாபாரம் குறையவில்லை.

பட்டியலை நீட்டுவதன் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. ஃபாட்மேப்கள் நமக்கு வலி, குடலின் நல்ல கிருமிகளுக்கு அவைதான் சோறு. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 2012-இல் பார்த்தபோது நான்கே வாரக் கட்டுப்பாட்டில் பிஃபிடோ பாக்டீரியா கணிசமாகக் குறைந்திருந்தது. சைவ உணவுக்காரர் பருப்பையும் பாலையும் சேர்த்தே கைவிட்டால் புரதத்துக்கு எங்கே போவார்? அதைவிட மோசம் பயம். ஒரு நாள் வலித்தால் அன்று தின்றது பட்டியலில் ஏறும், இறங்குவது இல்லை. வருடம் போகப் போக இலையில் சோறும் மோரும் மட்டும் மிஞ்சும். வலி அப்போதும் வரும், ஏனென்றால் உணர்வு குறையவில்லை.

அதனால்தான் மோனாஷ் முறைக்கு மூன்று கட்டங்கள். முதல் கட்டம் இரண்டு முதல் ஆறு வாரம். அதில் பலன் தெரியாவிட்டால் உணவு உங்கள் வழி இல்லை, பழைய சாப்பாட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். பலன் தெரிந்தால் இரண்டாவது கட்டம்: ஒவ்வொரு சர்க்கரை வகையையும் தனித்தனியாகத் திரும்பக் கொண்டுவந்து, மூன்று நாள் அளவைக் கூட்டிக் கூட்டிப் பார்ப்பது. நம்மவர்கள் தவறுவது இந்த இடத்தில்தான். சாம்பாரைக் கொண்டு சோதித்தால் வெவ்வேறு வகை ஒன்றாக வருகிறது; எது வலித்தது என்று தெரியாது. லாக்டோஸுக்கு வெறும் பால், ஃப்ரக்டானுக்கு வெங்காயம் ஒரு முறை, கோதுமை வேறு முறை, பருப்புக்கு வெங்காயமில்லாத கூட்டு, ஃப்ரக்டோஸுக்கு மாம்பழம் என்று பிரித்துத்தான் பார்க்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வகையே ஒத்துவராது. அதிலும் ஓர் அளவுவரை தாங்கும். ஒரு கரண்டி சாம்பார் சரி, கிண்ணம் சாம்பார் ஆகாது என்பது போன்ற முடிவுகள்தான் கிடைக்கும். அதோடு பட்டியல் முடிகிறது. இதை வழிநடத்த உணவியல் நிபுணர் தேவை.

நார்ச்சத்து பற்றி ஒரு வார்த்தை. “நார்ச்சத்து நிறைய சேருங்க” என்ற பொது அறிவுரையைக் கேட்டுத் தவிடு தின்று அவதிப்பட்டவர்கள் உண்டு. 2009-இல் நெதர்லாந்தில் 275 நோயாளிகளிடம் நடந்த சோதனையில் இசப்கோல் பலன் தந்தது. கோதுமைத் தவிடு அந்த அளவுக்குத் தரவில்லை, பலர் தொல்லை கூடி விலகினார்கள். குஜராத்தின் ஊஞ்சா சந்தையிலிருந்து உலகுக்கே போகும் சரக்கு இசப்கோல். குறைந்த அளவில் தொடங்கி, தண்ணீர் நிறையக் குடித்து, மெல்லக் கூட்ட வேண்டும்.

மருந்தில் ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வீட்டில் சண்டை வருவது அதனால்தான். சீட்டில் அமிட்ரிப்டிலின் என்று பார்த்து, கூகுளில் மனச்சோர்வு மருந்து என்று படித்து, “எனக்குப் பைத்தியம்னு முடிவு பண்ணிட்டாரா?” என்று கிழித்துப் போடுகிறவர்கள் உண்டு. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட மிகக் குறைந்த அளவில், 10 மில்லிகிராமில் தொடங்கி, குடலிலிருந்து போகும் வலிச் செய்தியைத் தணிக்க அதைத் தருகிறார்கள். 2023-இல் இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்கள் வழியாக 463 பேரிடம் நடந்த சோதனை அதன் பலனை உறுதிப்படுத்தியது. மான்செஸ்டரில் பீட்டர் வோர்வெல் 1984-லேயே ஹிப்னாடிசத்தால் இந்த நோயைத் தணிக்கலாம் என்று காட்டியதும் இதே தர்க்கத்தில்தான். மனதின் வழியாகக் குடல் ஆறுகிறது என்பதால் நோய் கற்பனை ஆகிவிடாது.

ஆய்வுகள் அதிகம் பேசாத ஒரு பக்கம் தெருவில் இருக்கிறது. 2009-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வில், தொல்லையே இல்லாமல் வாழ முடியுமென்றால் மிச்ச ஆயுளில் கால் பங்கை, சராசரியாக 15 ஆண்டுகளை, விட்டுக்கொடுக்கத் தயார் என்று நோயாளிகள் சொன்னார்கள். இது வெறும் வலியின் விலை என்று எனக்குத் தோன்றவில்லை. கழிவறை இல்லாத ஐந்து மணி நேர அரசுப் பேருந்தை நினைத்துப் பாருங்கள். தேர்வு அறையில் கை தூக்க வேண்டிய பையனையும், ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணையும் நினைத்துப் பாருங்கள். பயணத்தன்று பட்டினி கிடப்பது நம்மிடையே பொது வழக்கம். வெறும் வயிற்றோடு இறங்கி ராத்திரி பரோட்டாவும் சால்னாவும் ஒரேயடியாக விழும்போது, குடல் அதுவரை அடக்கியதையெல்லாம் சேர்த்துக் கேட்கிறது. இரண்டு இட்லியைக் காலையில் தின்றுவிட்டு, ரயில் இருக்கும் ஊருக்கு ரயிலில் போவது மேல். ரயிலில் கழிவறை இருக்கிறது என்ற நினைப்பே பாதி வலியைக் குறைத்துவிடும் என்று நோயாளிகள் சொல்வதை நான் நம்புகிறேன்.

பிறகு விருந்து. உபசரிப்பை மறுப்பது நம்மிடம் அவமரியாதை. வியாதியை விளக்கப் போனால் பந்தியில் எல்லோரும் வைத்தியராகிவிடுவார்கள். இரண்டாவது கட்டத்தை முடித்தவருக்குத் தன் அளவு தெரியும் என்பதால் அவர் இலையைக் காலியாக வைக்க வேண்டியதில்லை. சோறு, நெய், அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல், பீன்ஸ் பொரியல், ஒரு கரண்டி சாம்பார், மோர். வெங்காயப் பச்சடியும் காளான் பிரியாணியும் வரும்போது கையை நீட்டி “போதும் அத்தை, டாக்டர் வேண்டாம்னுட்டார்” என்றால் முடிந்தது. எந்த டாக்டர், ஏன் என்று கேட்பதற்குள் பாயசம் வந்துவிடும். பாயசம் அரை டம்ளர், லாக்டோஸ் ஒத்துக்கொள்கிறவராக இருந்தால்.